திமிலுக்கு முன்னால் ஒரு கோடு

செவ்வாய்க்கிழமை காலை 6.50. சென்னையிலிருந்து வந்த ரயில் காட்பாடி சந்திப்பில் நின்றதும் நீமா அம்மையார் ஒற்றைப் பையோடு இறங்கினார். தான்சானியாவின் வடக்கே ஒரு மேய்ச்சல் மாவட்டத்தில் அவர் கால்நடை அலுவலர். சென்னையில் ஒரு பயிற்சிக்காக வந்திருந்தவர், எங்கள் பக்கத்தில் இரண்டு நாள் சுற்றிப் பார்க்க ஒதுக்கியிருந்தார். நான் வேலூரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் பணிபுரிகிறேன். ஊரக வளர்ச்சியில் முதுகலை படித்தவள். ஆப்பிரிக்க மாவட்ட நிர்வாகங்களுக்கும் இங்குள்ள தொழிற்சாலைகளுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தங்களை வரைந்து கொடுப்பது எங்கள் வேலை.

இந்த முறை ஒப்பந்தம் இதுதான்: அவருடைய மாவட்டத்து மாட்டுத்தோலை ஆம்பூர் காலணி நிறுவனம் ஒன்று நேரடியாக வாங்கும். அதற்கு ஈடாக அங்கே கால்நடை மருத்துவமும் தோல் உரிக்கும் பயிற்சியும் கிடைக்கும். எட்டுப் பக்க வரைவு தயாராக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு விதி: சூட்டுக்குறி இல்லாத தோல்களே ஏற்கப்படும், மாடுகளை அடையாளம் காணக் காதுவில்லை பொருத்தப்பட வேண்டும். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆம்பூரில் நீமா கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் அவருடைய மாவட்டத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குக் குறி போடும் வழக்கம் நிற்கும். மறுத்தால் ஒப்பந்தமே இல்லை. "பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்று மட்டும் முன்கூட்டியே எழுதியிருந்தார்.

காலை 9.15. வேலூரிலிருந்து தெற்கே சுமார் பதினான்கு கிலோமீட்டரில் கணியம்பாடி. வாடகை வண்டி ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். ஓட்டியவர் சேகர் அண்ணன். எங்கள் அறக்கட்டளையோடு தொடர்புள்ள செல்வி அக்கா இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறார். இரண்டின் காதிலும் மஞ்சள் நிறக் காதுவில்லை. நீமாவுக்கு இதைக் காட்டத்தான் அழைத்துப் போனேன். சூடு இல்லாமலே ஒரு நாடு முழுவதும் மாட்டை அடையாளம் காண முடிகிறது என்பதற்குக் கண்முன் சான்று வேண்டுமே.

பசு தொலைந்துபோனால் இந்த வில்லையை வைத்துக் கண்டுபிடிப்பீர்களா என்று நீமா கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். செல்வி அக்கா சிரித்துவிட்டார்.

"எங்க போய்டும்? அவுத்து உட்டா தெரு முனை வரைக்கும் போய்ட்டு அதுவே வந்துடும். இந்தக் கம்மல் எனக்கு இல்ல மா, பால் சொசைட்டிக்கும் இன்சூரன்சுக்கும் போட்டது. என் மாட்ட எனக்குத் தெரியாதா இன்னா?"

திருடன் காதை அறுத்துவிட்டால் என்று நீமா அடுத்து கேட்டார். அக்கா பசுவின் காதைத் தன் கையால் மூடிக்கொண்டார். "ஒரு மாட்டுக்காக அவ்ளோ பேஜார் பண்ணுவானா ஒருத்தன்?"

நீமா விளக்கினார். அங்கே மந்தை என்றால் நூற்றுக்கணக்கில். இரண்டு நாள் நடைதூரம் மேயப் போகும். கொள்ளையர் வந்தால் மந்தையோடு ஓட்டிப் போவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் தொலைதூரச் சந்தையில் தன் பதினொரு மாடுகளையும் அவற்றின் பின்தொடையிலிருந்த சூட்டைக் காட்டி மீட்டாராம். அவருடைய அண்டை வீட்டுக்காரரின் மாடுகளும் அதே சந்தையில் நின்றன. அவற்றுக்குக் காதுகளில்தான் அடையாளம் இருந்தது, காதுகள் இல்லை.

செல்வி அக்கா இதைக் கேட்டபின் பசுவின் காதை இன்னொரு முறை தடவிக்கொடுத்தார். பிறகு எங்களுக்கு மோர் கொண்டுவந்தார்.

பிற்பகல் 1.00. வேலூர் திரும்பிச் சாப்பிடும்போது நீமாவிடம் அந்த மூன்றாம் பக்க விதியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். மாட்டுக்கு வலி குறையும், தோலுக்குத் தரம் கூடும், இரண்டும் நல்லவை என்று நம்பித்தான் எழுதினேன். அவர் கோபப்படவில்லை.

"எத்தனை மந்தைகளைப் பார்த்துவிட்டு எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

ஒன்றுகூட இல்லை என்றேன். தலையசைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

புதன்கிழமை காலை 7.30. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி மாதனூரில் தேநீருக்கு நிறுத்தினோம்; ஒரு கோப்பை 12 ரூபாய். ஷூ கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் நீமாவின் முகத்துக்கு முன்பே அவருடைய காலணியைப் பார்த்துவிட்டார்கள். அடையாள அட்டை மாட்டியிருந்த ஒருத்தி தோழியிடம் சொன்னாள்: "மேல்தோல் சூப்பரா இருக்கு. லைனிங்தான் கம்மி ரேட்டு." நான் இதை மொழிபெயர்த்ததும் நீமா காலணியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் உள்ளே விரல் விட்டுப் பார்த்து, தையல் குறையில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். பேருந்து வந்துவிட்டது. தோல் எங்கெங்கே எப்படி வெட்டப்படுகிறது என்று இவர்களைப்போலத் தெரிந்தவரிடம் பேச வேண்டும் என்று வண்டியில் ஏறியதும் நீமா கேட்டார். ஆம்பூர் நிறுவனத்துக்குத் தோல் அனுப்பும் வாணியம்பாடியின் தோல் பதனிடும் டேனரிக்குத்தான் நேரே போகிறோம், தரம் பிரிப்பவரையே பார்க்கலாம் என்றேன்.

காலை 9.00. வாணியம்பாடி. குரோமியத்தில் பதமாகி நீலம் பாய்ந்த ஈரத் தோல்கள் பலகை மேல் அடுக்கடுக்காகக் கிடந்தன. தரம் பிரிக்கும் மேசையில் நின்றவர் இலியாஸ் பாய், நாற்பது வயதிருக்கும். மேசை மேல் விரித்த தோலை உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார், அது எந்தத் தர அடுக்கு என்பது முடிவாகிவிடும். பக்கத்து மேசைக்காரரிடம் உருதுவில் ஏதோ கிண்டல் செய்தபடியே கை மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு தோலில் கை நின்றது.

"இது முள்ளுக் காட்ல மேஞ்ச மாடு. இங்கலாம் கீறல் பாருங்க. இது உண்ணி கடிச்ச புள்ளி. இது சூடு."

பின்தொடையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு மேடிட்டிருந்தது. நீமா குனிந்து பார்த்தார். தன் நாட்டிலிருந்து வந்த தோலாக இருக்கலாம் என்றார். இதே இடத்தில்தான் அவர்களும் போடுகிறார்கள். அந்தத் தோல் கடைசித் தர அடுக்குக்குப் போனது. எவ்வளவு நல்ல தோல் இப்படி வீணாகிறது என்று இலியாஸ் பாய் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். ஷூவின் முன்பக்கம் முழுக்க இந்த இடத்திலிருந்துதான் வெட்டுவார்களாம்.

சூடே போடக் கூடாதா, வேறு இடத்தில் போடலாமா என்று நீமா என் மூலம் கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி அது. வரைவில் இரண்டே வாய்ப்புகள் வைத்திருந்தேன்: சூடு உண்டு, சூடு இல்லை.

"கன்னத்துல போட்டா எனக்கு இன்னா?" என்றார் இலியாஸ் பாய். "மூஞ்சியும் முழங்காலுக்குக் கீழயும் வெட்டித் தூக்கிப் போட்ருவோம்."

நீமா மறுத்தார். மேயும் மாட்டின் தலை புல்லுக்குள் இருக்கும், கால் சேற்றுக்குள் இருக்கும். மேய்ப்பவர் தூரத்திலிருந்தே படிக்கும்படி குறி இருந்தால்தான் அது குறி. இல்லையென்றால் வலி மட்டும்தான் மிச்சம்.

இலியாஸ் பாய் மேசையில் அடுத்த தோலை விரித்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே புடைத்திருந்த இடத்தைத் தொட்டார். "உங்க மாட்டுக்கும் திமில் இருக்குதானே?"

"இருக்கிறது. பெரிதாகவே" என்றார் நீமா.

பாய் சாக்குக்கட்டியை எடுத்தார். திமிலின் முன்விளிம்பிலிருந்து கீழே ஒரே இழுப்பில் ஒரு கோடு.

"கழுத்துல சுருக்கம் ஜாஸ்தி. ஷூவோட முன்பக்கத்துக்கு அதுல நாங்க கை வைக்கிறதே இல்ல. இந்தக் கோட்டுக்கு முன்னாடி உங்களோடது, இன்னா வேணா எழுதிக்குங்க. பின்னாடி எங்களோடது, அத மட்டும் தொடாதீங்க."

நீமா கோட்டின் மேல் தன் கையை வைத்தார். கழுத்தில் இரண்டு கை அகலம் இருந்தது. மாடு தலை குனிந்திருந்தாலும் அது தெரியும் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு நாடா கேட்டு வாங்கி அளந்துகொண்டார்.

பிற்பகல் 3.00. ஆம்பூர். மதியம் பிரியாணி சாப்பிட்டது தெரு முனைக் கடையில். தட்டு 220 ரூபாய், கத்தரிக்காய் தொட்டுக்கையோடு. காலணி நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் ஜெயக்குமார் மரியாதையானவர்; எங்களுக்காகப் பேனாக்கள்கூட அடுக்கி வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கியது. வெளிநாட்டு வாங்குநர்களுக்குச் சூட்டுக்குறி என்ற சொல்லே பிடிக்காது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வலியை நானும் எண்ணாமல் இல்லை.

நீமா அமைதியாகப் பதில் சொன்னார். "மந்தை திருடுபோனால் அந்தக் குடும்பம் என் அலுவலக வாசலில் வந்து நிற்கும். உங்கள் வாங்குநரிடம் போகாது. அடையாளத்தை எடுத்துவிடச் சொல்கிறீர்கள். அதற்குப் பதிலாக என்ன தருகிறீர்கள்?"

காதுவில்லை என்று சொல்ல ஜெயக்குமார் வாயெடுத்தார். கணியம்பாடியில் கேட்டதை நான் சொன்னேன். அறுபட்ட காதுகளைப் பற்றியும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, வாணியம்பாடியில் இலியாஸ் பாயையே தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். "பாய், கழுத்துல சூடு இருந்தா நமக்கு எவ்ளோ அடி விழும்?"

"கழுத்த எப்ப சார் நாம ஷூவுக்கு வெட்டினோம்?" என்றது குரல்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயக்குமாரும் சிரித்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் விதியைத் திருத்தி எழுதினோம்: புதிய குறி திமிலுக்கு முன்னால் மட்டும், உள்ளங்கை அளவுக்கு மிகாமல், பின்தொடையில் ஏற்கெனவே சூடுள்ள மாடுகளின் தோல் அந்தத் தலைமுறை முடியும்வரை தனித் தரமாக ஏற்கப்படும். வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் குறி சிறிதாகிறது, மந்தை பாதுகாப்பாக இருக்கிறது, தோல் தப்புகிறது. என் பழைய வாக்கியத்தைவிட இது நல்ல வாக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜெயக்குமார் பேனாவை நீட்டினார். நீமா வாங்கவில்லை.

"கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. இரும்பைப் பிடிக்கும் கை என்னுடையதல்ல. மேய்ப்பவர்களின் கூட்டத்தில் இதை வைக்க வேண்டும். இரண்டு மாதம் கொடுங்கள்."

சீசன் போய்விடும் என்று ஜெயக்குமார் முறையிட்டார். பிறகு நாட்காட்டியைப் புரட்டி, இரண்டு மாதம் தாங்கும் என்றார்.

மாலை 5.40. ஆம்பூரிலிருந்து திரும்பும் வழியில் பாலாற்று மணலைப் பார்த்து, ஆற்று நீர் பற்றி நீமா கேட்டார். மறைக்கவில்லை. தோல் ஆலைக் கழிவு இறங்கிய கிணறுகள் உண்டு, அதே தோல் தொழிலால் படித்து வேலைக்கு வந்த குடும்பங்களும் உண்டு, எங்கள் வீடு இரண்டிலும் சேரும் என்றேன். அதனால்தான் அவருடைய மாவட்டத்தில் முதல் பதனிடும் ஆலை அமைப்பதற்கு முன் கழிவுநீர் நிலையம் என்பது வரைவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் திருத்தக் கூடாது என்றேன். இங்குள்ள கழிவுநீர் விதிகளை உங்கள் ஊரில் வந்து யார் படித்துக் காட்டினார்கள் என்று நீமா கேட்டார். எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அரசிதழில் வந்திருக்கும்.

இரவு 7.15. காட்பாடியின் நடைமேடையில் நீமா சொன்னார்: "மேய்ப்பவர்களின் கூட்டத்தில் அந்தச் சூட்டுக்குறி விதியை நீங்களே வந்து படியுங்கள். வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். நிறையக் கேள்வி கேட்பார்கள். சிலர் திட்டவும் செய்வார்கள்."

வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தேன்; கட்டணம் 1,500 ரூபாய். அன்று மாலையே நீமா அந்த விதியின் சுவாஹிலி மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தார். திமிலுக்கு அவர்கள் சொல் நுண்டு. எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே நின்று பதில் சொல்லும் வாய்ப்பு இங்கே எந்த விதிக்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த சுவாஹிலி வரிகளைத் தினமும் காலையில் சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். இப்போது நாக்குத் தடுமாறாமல் வருகிறது.