மதுரா ரோட்டில் செத்துப்போன கார்

இந்திராணிக்குக் கோபம் வரும் என்பது டெல்லி மயூர் விஹாரில் அவர்கள் குடியிருப்பு வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது. உசிலம்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பஸ்ஸில் இடுப்பில் கை வைத்தவனைச் செருப்பால் அடித்துவிட்டு, அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள். கணவர் அழகர்சாமி பொதுத்துறை கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை ஸ்டீயரிங்கைப் பிடித்து மாட்டை இடித்ததோடு சரி, "டெல்லி டிராஃபிக் நமக்கு ஒத்து வராது" என்று பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடி வழி மட்டும் சொல்வார்.

இப்போதிருக்கும் வெள்ளைக் கார் அவள் சம்பளத்தில் வாங்கியது. பழசாகிவிட்டது, ஆனாலும் அரசாங்கம் விதித்த வயது வரம்பைத் தாண்ட இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தையும் முழுசாக ஓட்டித் தீர்ப்பது என்றிருந்தாள். மகன் கௌதமனுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு வாரமாக வண்டியில் கரண்ட் விட்டுவிட்டு வந்தது. கடிகாரம் தானாகப் பன்னிரண்டுக்குப் போனது, ஹெட்லைட் கண் சிமிட்டியது, இரண்டு தடவை நடுரோட்டில் நின்றும் போனது. "மம்மி, போதும். இன்னொரு வாட்டி ரோட்ல நின்னுச்சுன்னா ஸ்க்ராப். ப்ராமிஸ் பண்ணு" என்றான். சாப்பாட்டு மேஜையில் வைத்து, வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதாக வாக்கு வாங்கிவிட்டான். அன்று ராத்திரி அவள் அழுததை அழகர்சாமி பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தீபாவளிச் சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அன்று மதுரா ரோடு சிக்னலில் எஞ்சினை அணைத்தாள். பச்சை விழுந்ததும் சாவியைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஹாரனை அழுத்தினால் ஊமை. பின்னால் நின்றவர்களின் ஹாரன் மட்டும் காதைக் கிழித்தது.

"ஆன்ட்டிஜி, காடி ஹடாவோ!" வண்டியை எடுக்கச் சொல்லி ஒருவன் கத்தினான்.

"நான் என்ன கோலம் போட்டுக்கிட்டா இருக்கேன்?" என்று தமிழிலேயே கத்திவிட்டு இறங்கினாள். இரண்டு பேர் தள்ளிவிட, வண்டி ஓரமாக வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் அழகர்சாமி அதற்குள் மகனோடு போனில். "ஆமாப்பா, மறுபடி நின்னுருச்சு."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. பானெட்டைத் திறந்தாள். பேட்டரி வீக்காகியிருந்தால் மங்கலாகவாவது விளக்கு எரிய வேண்டும். இங்கே மொத்தமும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. பேட்டரியும் புதுசு, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மாற்றியது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே வரும் இடத்தில்தான் கோளாறு. பேட்டரி முனையில் வயரைக் கவ்வியிருக்கும் கிளாம்பைப் பிடித்து ஆட்டினாள். உள்ளே கூரை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது.

டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து கிளாம்பைக் கழற்றினாள். பேட்டரி முனையின் ஈயக் குமிழைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். சந்தனம். சந்தனத்துக்கு மேல் குங்குமம். காய்ந்துபோய்க் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது.

"இது யார் வேலை?"

அழகர்சாமி எட்டிப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு வச்சது. எல்லாத்துக்கும் வைக்கணும்ல? புது பேட்டரி வேற."

"மேல வைக்க வேண்டியதுதான? கிளாம்பக் கழட்டிட்டா வைப்பாங்க?"

"கரண்டு வர்ற எடத்துல வச்சாத்தான விசேஷம்? வச்சுட்டு நல்லா மாட்டித்தான் விட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "அதுதானோன்னு எனக்கும் நடுவுல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

இந்திராணி ஸ்பேனரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூஜை செய்ததுகூடப் போகட்டும். இரண்டு வாரம் மெக்கானிக் கடை கடையாக அலைந்தாள். மகன் "உனக்கு வண்டிய வச்சுக்கத் தெரியல மம்மி" என்று சொன்னபோது இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அவள் குமிழைச் சாவியால் சுரண்டி, சேலைத் தலைப்பால் துடைத்து, கிளாம்பை மாட்டி முடுக்கி, பானெட்டைச் சாத்திவிட்டு ஏறினாள். சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்போது கௌதமன் கூப்பிட்டான். அழகர்சாமி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிப்பா. சாயங்காலமே ஸ்க்ராப்காரன வரச் சொல்லிரு" என்றார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவள் போனைப் பிடுங்கினாள். "கௌதமா, வண்டி ஓடுது. எவனையும் வரச் சொல்லாத, வந்தா சாவி தரமாட்டேன். ஏன் நின்னுச்சுன்னு உங்கப்பா சொல்லுவாரு, கேளு." போனை அவரிடமே நீட்டினாள்.

அவர் போனை உள்ளங்கையால் பொத்தினார். "வேணாம் இந்திரா. அவன் சிரிப்பான். ஃப்ரெண்ட்ஸ்ட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கார் போனாப் போகுது, நமக்கென்ன மெட்ரோ இல்லயா?"

"உங்க மானம் போகக்கூடாது, என் வண்டி போகலாம். அப்படித்தான?"

போனில் "டாடி? டாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்த குரலை அவர் அணைத்துவிட்டார்.

"இறங்குங்க" என்றாள்.

"சாமான் வாங்க வேணாமா?"

"நான் வாங்கிக்கிறேன். அவன்ட்ட உண்மையச் சொல்லிட்டு அப்புறமா இந்த வண்டியில ஏறுங்க. சொல்லலேன்னா, உங்களுக்குத்தான் மெட்ரோ இருக்கே."

அழகர்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் மெதுவாக இறங்கி, கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார். இந்திராணி கியரைப் போட்டாள். கண்ணாடியில் அவர் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. மகனுக்கா, ஆட்டோவுக்கா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.