கல்லுடம்பனுக்கு வலிக்காது

பஞ்சு வாளால் அடிப்பதற்காக வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண், கல்லுடம்பன் குனிந்து உறுமியதும் பயந்துபோய், நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. வேஷத்துக்குள் இருந்தவர் முகமூடியின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டார். தரை துடைக்க நான் அப்போதுதான் நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். அந்த வாளியை ஒரு கையால் தூக்கி, "என் கோபத்தைப் பாருங்கடா" என்று கத்திக்கொண்டே தன் தலையிலும் அவள் மேலும் தரை முழுக்கவும் கொட்டிவிட்டார்.

அந்தப் பெண்ணின் அம்மா விடவில்லை. "அறிவிருக்காய்யா உனக்கு? பிள்ளைக்குச் சளி பிடிச்சா நீயா வந்து பார்ப்பே?" மேற்பார்வையாளர் ஓடி வந்து, எல்லார் முன்னாலும் அவரை நிற்க வைத்துப் பேசினார். முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "தப்புதான் சார், ஒரு வேகத்துல பண்ணிட்டேன்" என்றார். அந்தப் பெண்ணோ மற்றப் பிள்ளைகளிடம், "என் மேல மட்டும்தான் ஊத்தினான், உங்க மேல ஊத்தலையே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரையைத் துடைத்தவள் நான். எனக்குத் தெரியாமல் இருக்குமா? "பார்த்தேன் அண்ணா" என்றேன். "என்னத்தைப் பார்த்தீங்க? தண்ணிதானே" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்கான பெரிய விளையாட்டுப் பூங்கா அது. அங்கே உடுப்பு அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படக்கதைப் புத்தகத்தில் வருகிறவர்களெல்லாம் அங்கே உயிரோடு நடமாடுவார்கள். சுடர்வீரன் நல்லவன், கல்லுடம்பன் கெட்டவன். மேடையில் சண்டை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து, பஞ்சு வாளால் கல்லுடம்பனை ஒரு அடி அடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். சுடர்வீரனுக்குக் கைகொடுக்க வருகிற கூட்டத்தைவிட இவரை அடிக்க வருகிற கூட்டம்தான் எப்போதும் பெரியது.

கல்லுடம்பன் கெட்டவனான கதை வாசலில் ஒரு பலகையில் படத்தோடு எழுதியிருக்கும். சின்ன வயதில் கல்குவாரியில் வேலைக்குப் போனானாம். பாறை சரிந்து அடியில் மாட்டிக்கொண்டானாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தானாம், யாரும் வரவில்லையாம். கிடந்த கிடையில் கல் அவன் உடம்புக்குள் ஏறிவிட்டதாம். அப்புறம் வாள் அவனை வெட்டாது, நெருப்பு சுடாது, உள்ளங்கையால் பாறையைப் பொடியாக்குவான், வலி என்றால் என்னவென்றே தெரியாது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் அதைப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. ஆண்டவனே, ஒருத்தராவது போய்ப் பார்த்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அந்த வேஷம் போட்ட அண்ணன் நல்ல உயரம். அந்த உயரத்துக்காகவே எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடை வாசலில் காவலுக்கு நின்றவர். "நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினேன், இப்ப விழறதுக்கு வாங்குறேன்" என்பார். விழுவதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அடிக்க வரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். துள்ளிக்கொண்டு வருகிற முரட்டுப் பிள்ளை என்றால் லேசாக ஆடிவிட்டு நின்றுகொள்வார். எப்போதும் அண்ணனிடமோ அக்காவிடமோ அடி வாங்குகிற மாதிரி ஒரு பிள்ளை வந்து, வாளால் சும்மா தொட்டுவிட்டு நிற்கும் பாருங்கள், அதற்குத்தான் மேடை அதிர விழுந்து, காலை உதறி, நாக்கைத் தொங்கப்போட்டுச் சாவார்.

"நீ ஏன் கெட்டவனா ஆன?" என்று பிள்ளைகள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார். ஒன்றிடம், "பல்லு விளக்காம படுத்தேன்." இன்னொன்றிடம், "அம்மா ஊட்டினதைத் துப்பினேன்." தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு பையன் மட்டும் விடவில்லை. "பொய். பலகையில வேற மாதிரி போட்டிருக்கு."

"அது ஆபீஸ்காரங்க எழுதினது தம்பி. என்கிட்ட யார் வந்து கேட்டா?"

உண்மையிலேயே அவர் கால்களுக்கு வலி தெரியாது. சர்க்கரை வியாதி. வருஷக்கணக்காக இருந்து, பாதத்தில் இருந்த உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அது தெரிய வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "கடைக்குப் போயிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். இவ கேக்குறா, இன்னொரு செருப்பு எங்கன்னு. குனிஞ்சு பார்த்தாத்தான் எனக்கே தெரியுது. ரோடெல்லாம் ஒத்தைச் செருப்போட வந்திருக்கேன்." டீயில் சர்க்கரை போடமாட்டார். மருந்து குடிக்கிற முகத்தோடு அதைக் குடிப்பார்.

இது உடுப்பு அறையில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. சுடர்வீரன் வேஷம் போடும் பையனை ஹீரோ தம்பி என்று கூப்பிடுவோம். கெட்ட பிள்ளை இல்லை, விளையாட்டுப் பிள்ளை. டீ குடிக்கும் நேரத்தில் மெல்ல வந்து அண்ணனுடைய பாதத்தை மிதிப்பான்.

"அண்ணே, தெரியுதா?"

"எது தம்பி?"

"சரி, இப்ப?"

"எதுடா?"

அறையே சிரிக்கும். "டேய், இவருக்கு நெஜமாவே பவர் இருக்குடா" என்பான் ஹீரோ தம்பி. எனக்குப் பொறுக்காது. "அது மனுஷன் கால்டா, மிதியடி இல்ல" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அண்ணன்தான் என்னை அடக்கினார். "விடுங்க தங்கச்சி. எனக்குத்தான் தெரியவே இல்லையே. அதுங்களாவது சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவர் பையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். வேஷம் கலைத்ததும் அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவார். "கல்லுடம்பன் அழகு பார்க்குறார்" என்று கேலி செய்வார்கள். அவர் பார்த்தது முகத்தை அல்ல, உள்ளங்காலை. வலிதான் தெரியாதே, கண்ணாலாவது தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டதால், வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி ஒரு தடவை காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவார். அந்த அக்கா பள்ளிக்கூட லீவு தொடங்கும் நேரத்தில் மகளின் பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம் போனில், "அவர் சுகர் மாத்திரையை மறக்காம இருக்காரான்னு கேட்டுக்கம்மா" என்றார். மாத்திரையை அவர் மறக்கவில்லை.

லீவுக் கூட்டம் என்பது சொல்லி முடியாது. ஒரு மாலை, கூட்டம் கலைந்த பிறகு உடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லுடம்பனின் இடது பூட்ஸுக்குள் கையை விட்டபோது சுருக்கென்று விரலில் ஏறியது. மேடைக்குப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஆணி அடித்தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, முறிந்து நின்றிருந்தது. உள்துணி ஊறிப்போயிருந்தது. கையை வெளியே எடுத்ததும் நாற்றத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் தலை சீவிக்கொண்டிருந்தார். "அண்ணா, உட்காருங்க. காலைக் காட்டுங்க."

"ஐயையோ, நீங்க போய் என் காலை..."

"தங்கச்சின்னு கூப்பிடுறீங்க இல்ல? காட்டுங்க."

கூச்சத்தோடு நீட்டினார். கட்டைவிரலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழி. சுற்றிலும் கறுத்திருந்தது. அவர் கைக்கண்ணாடியை எடுத்து, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுவா? இது பூட்ஸ் சாயம் தங்கச்சி. வேர்வையில கரைஞ்சு ஒட்டிக்குது. நாலஞ்சு நாளா தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன், போக மாட்டேங்குது."

அந்தப் புண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார் மனிதர். மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே, சாயம் இல்லை, புண் என்று சொன்னேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் சாக்ஸை மாட்டிக்கொண்டார்.

"இந்த லீவு முடியட்டும். நடுவுல போனா வேற ஆளைப் போட்டுடுவாங்க. எனக்கு இனிமே வேற எவன் வேலை குடுப்பான்?"

"வேலை போனா போகுது அண்ணா. கால்..."

"வலிச்சா போகமாட்டேனா? துளிகூட வலிக்கலையே."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய் இல்லை. வலிக்காத ஒன்றுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று நிஜமாகவே அவருக்குத் தோன்றியது. அவர் பஸ் ஏறுவதற்குள் நான் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். பிறந்த பேத்தியை விட்டுவிட்டு அந்த அம்மாள் மறுநாளே வந்து இறங்கினார். "கல்லுடம்பனாம், கல்லுடம்பன். வேஷத்தை அங்கேயே கழட்டி வச்சுட்டு வாங்கன்னா, வீட்டுக்கும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கார் மனுஷன்" என்று அழுதுகொண்டே திட்டி, கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் விரலை எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது, ஹீரோ தம்பி வார்டு வாசலில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகவில்லை. "அக்கா, நான் மிதிச்சேனே, அதனாலயா?" என்றான். இல்லப்பா, ஆணி என்றேன். அப்போதும் நகரவில்லை. உள்ளே போய் அண்ணனிடம் சொன்னேன். கூப்பிடுங்க அவனை என்றார். அவன் வந்து கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அண்ணன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். "மிதி தம்பி. இனிமே உனக்கு இன்னும் சௌகரியம்." எப்போதும் போலச் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னார். அந்தப் பையன் பழப்பையை முகத்தோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "அட, என்னடா நீ, ஹீரோ போய் அழறியே" என்று அவனைத் தேற்றும் வேலையும் இவருக்கே வந்து சேர்ந்தது.

பூங்காவில் வேறு ஆள் வந்துவிட்டார். அந்த உடுப்பையே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நான்தான் புது ஆளுக்குக் கொடுத்தேன். பூட்ஸ் மட்டும் புதிது. வந்தவரும் நல்ல மனிதர்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி விழுகிறார்.

அண்ணனும் அக்காவும் மகளோடு இருக்கலாம் என்று ஊரை விட்டுக் கிளம்பிய அன்று வழியனுப்பப் போனேன். மூட்டைகளெல்லாம் கட்டி வாசலுக்கு வந்துவிட்டன. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்க, அவர் கை மட்டும் முழங்காலுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தை இதமாகத் தடவிக்கொண்டே இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வலிக்குது தங்கச்சி" என்றார். "அந்தக் கட்டைவிரல்தான். ஆணி ஏறின இடம். இருந்த வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. வெட்டி எடுத்தப்புறம் விடாம சொல்லுது."

இப்படியும் உண்டு என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார். கார் வந்தது. டிரைவரும் நானுமாக அவரைத் தாங்கி ஏற்றினோம். கதவைச் சாத்தப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். அக்கா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பூங்காவுல யார்கிட்டயும் இதைச் சொல்லிடாதீங்க. கல்லுடம்பனுக்கு வலிக்கும்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளைங்க அடிக்காதுங்க. பாவம், எவ்வளவு நேரமா வரிசையில நிக்குதுங்க."