பாறையேறும் செருப்பு

சனிக்கிழமை ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வேலை நாளைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். என் வயதுள்ள கணவனும் மனைவியும் முதுகில் பையோடு வெளியே வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, பூஜைக்கு உட்கார்ந்தவர்களைப் போல அத்தனை கவனமாக ஷூவுக்குக் கயிறு கட்டுவார்கள். பிறகு காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் முகம் சிவந்து, முழங்காலில் மண்ணோடு, பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தவர்களைப் போன்ற நிம்மதியோடு திரும்பி வருவார்கள். அமெரிக்காவில் கொலராடோ என்ற மாநிலத்தில் இருக்கும் என் மகள் சுமதியின் வீட்டுக்கு வந்த புதிதில், ஜன்னலில் நின்று இதைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

“மேல இன்னா சாமிடி?”

“சாமில்லாம் இல்லம்மா. பாறைதான்.”

“சாமி இல்லாத மலைக்கு இன்னாத்துக்கு ஏறிகினு கிறாங்க?”

“ஏறணும்னு தோணுது, ஏறுறாங்க. நானுந்தான் வாராவாரம் போறேன்.”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பழைய பத்திரிகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் எழுத்து கைக்கு வந்தது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்கிற விஷயத்தில் பிழை இருக்காது. என் வீட்டுக்காரர் போன பிறகு ஆரணி வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஒரே மகள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வார நாளில் அவள் காது போனுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்கும் தூக்கத்துக்கும். சனிக்கிழமை பாறைக்கு. எனக்கென்று மிஞ்சியது ராத்திரிச் சாப்பாட்டு வேளை மட்டும்தான். அதிலும் நான் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவேனோ என்று தட்டை விட்டுத் தலை தூக்கமாட்டாள். கடல் தாண்டி வந்தது ஜன்னலில் நிற்பதற்கா? சனிக்கிழமையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். “நானும் வரேன்” என்றேன். சுமதி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள்.

காலைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பர்வதமலை ஏறிய கால் இது. ஆரணியிலிருந்து போளூருக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி அடிவாரத்துக்குப் போவோம். அங்கேயே ஒரு மரத்தடியில் எல்லாருடைய செருப்பும் குவிந்து கிடக்கும். எங்களுடையதையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். மேலே போகப் போகப் பாறை செங்குத்தாகிவிடும். இரும்புச் சங்கிலியைப் பிடித்து, பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைகளில் கால் வைத்து ஏறவேண்டும். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில்கூட நான் நின்றதில்லை. சின்ன வயதிலிருந்து புடவை நெய்யும் தறிக்குழியில் மிதிகட்டையை மிதித்து மிதித்து என் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுத் தனியாக ஒதுங்கி நிற்கும். கல்லை அது கையைப் போலப் பிடிக்கும். சுமதி பள்ளிக்கூடம் போகிற காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒருமுறை எங்களோடு வந்தாள். கல் குத்துகிறது, ஸ்கூல் ஷூவைப் போட்டுக்கொள்கிறேன் என்று அழுதாள். “மலையே சாமிடா கண்ணு. சாமி மேல செருப்புக் கால வெப்பியா?” என்று அவள் அப்பா கேட்டார். அழுதுகொண்டேதான் ஏறினாள்.

அந்தச் சுமதி இங்கே அடிவாரத்தில் கார் நிறுத்தியதும் என்னைப் பார்த்து, “செருப்ப கழட்டாத” என்றாள். அவளுடைய பழைய கான்வாஸ் ஷூவை எனக்குப் போட்டுவிட்டிருந்தாள். புடவையைக் கெண்டைக்கால் தெரியத் தூக்கிச் செருகி, உள்ளே அவள் வாங்கித் தந்த கால்சட்டை. சாமி இல்லாத மலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தேன். பாதை நன்றாகத்தான் இருந்தது. நடுவில் சிவப்புப் பாறை ஒன்று, அரிசி ஆலையில் மூட்டை சரிக்கும் பலகை மாதிரி, சாய்ந்து கிடந்தது. அதில் தூவினதுபோலப் பொடி மணல். பர்வதமலைக் கல்லானால் விரலை ஊன்றிவிடுவேன். துணிக்குள் அடைபட்ட விரல் எதை ஊன்றும்? சர்ரென்று வழுக்கி, கை இரண்டும் சிராய்த்து, ஒரு புதரில் போய் நின்றேன். சுமதி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். காரில் ஏறியதும், “பேஜாரா பூடும்மா. உனக்கு இந்தக் கல்லு ஏறுறதுக்குன்னே ஒரு ஷூ வாங்கணும்” என்றாள். வரவேண்டாம் என்று சொல்லாமல் விட்டாளே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரணியில் செருப்புக் கடை என்றால் ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி. இங்கே கடைக்குள்ளேயே ஒரு பொய்ப்பாறை கட்டி வைத்திருக்கிறார்கள். ஷூவைப் போட்டு அதில் ஏறி இறங்கிப் பார்த்து வாங்கலாம். நடக்கிறதற்கு ஒரு ஷூ, கயிறு கட்டிப் பாறையில் தொங்குகிறதற்கு ஒரு ஷூ. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அப்ரோச் ஷூ. பாறை இருக்கும் இடம்வரை நடக்கவும் வேண்டும், சின்னப் பாறை வந்தால் கை ஊன்றித் தொற்றி ஏறவும் வேண்டும் என்பவர்களுக்கு அது. அடியில் ஒட்டுகிற மாதிரி ரப்பர், முன்விரலைச் சுற்றியும் ரப்பர், கயிறு விரல் நுனி வரைக்கும் இறங்கி வரும். சுமதி எடுத்துக் காட்டியதில் ஒன்று சாம்பல் உடலுக்கு ஆரஞ்சுக் கயிறு. அந்தக் கலவையில் ஒரு புடவை நெய்தால் ஆரணிக் கடைத்தெருவில் ஒரு முதலாளியும் வாங்கமாட்டார் என்று சொல்லிவைத்தேன். சுமதி அதைக் காதில் வாங்காமல் பைகள் இருக்கும் பக்கம் போய்விட்டாள்.

அப்போதுதான் கடைக்காரர் வந்தார். பெயர் வால்ட்டர் என்று சட்டையில் எழுதியிருப்பதாகச் சுமதி பிற்பாடு சொன்னாள். தலையும் தாடியும் பஞ்சாய் வெளுத்தவர், என்னைவிடப் பெரியவர். வந்ததும் முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். வயதில் பெரியவர் என் காலைத் தொடுவதா? அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? அவர் அந்தச் சாம்பல் ஷூவை மாட்டி விரல் பக்கம் அழுத்தினார். மறுபடியும் இழுத்தேன். “டைட்?” என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியும், ஆனால் என் சங்கடத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று தெரியாது. சும்மா இருந்தேன். எனக்கு வலிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டு, உள்ளே போய் இன்னும் பெரியது கொண்டுவந்தார். அதையும் மாட்டி அழுத்தினார். நான் காலை இழுக்க, அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதைவிடப் பெரியதைக் கொண்டுவந்தார். இப்படியே போனால் இந்த மனிதர் சாயங்காலம்வரை என் காலடியிலேயே உட்கார்ந்திருப்பார் என்று பயந்து, “ஓகே, ஓகே, குட்” என்று எழுந்து நின்றுவிட்டேன். அவர் பொய்ப்பாறையைக் காட்டினார். “குட்” என்று மறுபடியும் சொன்னேன். சுமதி வந்தபோது ஷூ பெட்டிக்குள் போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே சிவப்புப் பாறை. அந்த ரப்பரைக் குறை சொல்லமாட்டேன், பல்லி சுவரைப் பிடிக்கிற மாதிரி பாறையைப் பிடித்தது. ஆனால் ஷூவுக்குள் என் கால் நின்றால்தானே? ஏறும்போது குதிகால் தூக்கிக்கொண்டு வந்தது. ஓரடி வைத்துத் திரும்பினேன், பாதம் உள்ளேயே புரண்டுவிட்டது. உட்கார்ந்தபடியே சறுக்கினேன். சுமதி கீழே நின்று தோளைக் கொடுத்துத் தடுத்தாள். காயம் ஒன்றும் இல்லை.

“அடுத்த வாரத்துலேர்ந்து நீ வண்டியிலயே உக்காந்துக்கோம்மா. நான் ஜல்தியா போய்ட்டு வந்துடறேன்.”

“வண்டியிலயா? நான் இன்னா சாமானா, பூட்டி வெச்சுட்டுப் போறதுக்கு?”

“உயுந்து கால உடைச்சிகினு படுத்தா யாரு பாப்பாங்க?”

“ஏன், பெத்த பொண்ணு பாக்கமாட்டியா?”

அவள் வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டாள். முழு விரலும் உள்ளே போனது. “இவ்ளோ லொடலொடன்னு கீது! எப்டிம்மா இத குட்டுன்னு சொன்ன?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். பெரியவர் காலைத் தொட்டார், நான் இழுத்தேன், அவர் பெரியதாகப் போனார் என்று சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. திடீரென்று தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் திணறியதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சரி, மாத்திகினு வரலாம். இந்த ஒரு வாட்டிதான். இதுலயும் வழுக்குச்சுன்னா வண்டிதான், சொல்ட்டேன்.”

கடைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பெரியவர் மறுபடியும் காலைத் தொடத்தான் போகிறார். தொடாமல் அளவு தெரியாது. அளவு தெரியாவிட்டால் நான் வண்டியில். எங்கள் தெருவுக்கு வரும் வளையல்காரர் நினைவுக்கு வந்தார். முன்பின் தெரியாத பெண்ணின் கையைக்கூட மடியில் வைத்து, முட்டியை மடக்கி, நெரித்து, வலிக்காமல் வளையலை ஏற்றிவிடுவார். புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான், ஒருவரும் தப்பாக நினைத்ததில்லை. கைக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா? தொழில் செய்கிற கை தொடத்தான் செய்யும். இப்படி என்னை நானே ஒருவழியாக ஒப்பவைத்துக்கொண்டேன்.

சுமதி அவரிடம் ஏதோ விளக்கினாள். அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “தொடலாமான்னு கேக்கறாரும்மா” என்றாள் சுமதி. நானே காலை நீட்டினேன். சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் பார்ப்பதுதான் சரி, மலைக்குப் போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டே பார்க்கவேண்டும் என்றாராம். என் கட்டைவிரலைப் பார்த்து, அதே சாம்பல் ஷூவில் ஆண்கள் போடும் அகலமானதைக் கொண்டுவந்தார். விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும், மடங்கக்கூடாது. குதிகால் எழும்பக்கூடாது. கயிற்றை விரல் பக்கமிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கினார், சரிகைப் புடவை வாங்குகிறவள் ஓரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். பொய்ப்பாறையில் ஏறி, முக்கியமாக இறங்கிப் பார்க்கச் சொன்னார். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ வேண்டாமாம். இடிக்கவில்லை. புதிதாகப் புலம்பெயர்ந்து வந்து பிள்ளைகள் பின்னால் பாறைக்குப் போகப்போகும் என்னைப் போன்றவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட்டு “குட்” சொல்லாதீர்கள். கிளம்பும்போது மனது கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அவர் கைகுலுக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து மேலும் கீழுமாக நன்றாகக் குலுக்கிவிட்டார்.

வீட்டுக்குள்ளேயே சில நாள் போட்டுப் பழகினேன். பிறகு சனிக்கிழமை வந்தது. சிவப்புப் பாறையில் சுமதி எனக்குக் கீழே நின்றுகொண்டாள். “கைய ஊனு. மொத்தப் பாதத்தையும் வெய். பயந்து முன்னால சாயாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “எனக்குத் தெரியும்டி, நீ வா” என்றேன். ஷூ பாறையைப் பிடித்தது, கால் ஷூவைப் பிடித்தது. பாதிப் பாறையில் பயம் வந்தது உண்மை. நின்றேன், மூச்சு விட்டேன், அடுத்த காலை வைத்தேன். அதற்கப்புறம் கல்லும் படியுமாக ஏதேதோ வந்தது. எல்லாவற்றிலும் கை ஊன்றி ஏறினேன். கீழிருந்து வந்த சுமதியின் குரல் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் என் காலைப் பார்க்காமல் தன் வழியைப் பார்த்துக்கொண்டு ஏறிவந்தாள்.

உச்சியில் சாமி இல்லை, மணி இல்லை, கற்பூர வாசனை இல்லை. காற்று மட்டும்தான். தூரத்தில் பனி மூடிய மலைகள் வரிசையாக நின்றன. எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். கல்யாணப் பேச்சு என் வாய் வரை வந்தது, சாதத்தோடு சேர்த்து விழுங்கினேன். சுமதி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

“அடுத்த வாரம் இதவிடப் பெரிய பாறை ஒண்ணு கீதும்மா.”

“சரிடி.”

“கால் மரத்துச்சுன்னா எழுப்பு.”

“தூங்கு.”

தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துத்தான் போனது. நான் அசையவில்லை. என் கை அவள் தலைமுடியில், காலையில் நான் வைத்துவிட்ட தேங்காய் எண்ணெயில் இருந்தது. அவள் கன்னத்தின் கீழ் ஆரணிப் புடவை கசங்கிக்கொண்டிருந்தது. மடிவரைக்கும் நான் அவளைப் பெற்ற ஊரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதற்கு அப்பால் சாம்பல் நிற ஷூ இரண்டும், யாரோ ஒருத்தியின் கால்களைப் போல, பனிமலையைப் பார்த்துக்கொண்டு இந்த ஊர்ப் பாறையில் அழுந்தப் பதிந்திருந்தன.