கீழே இறங்கிய கைகள்

தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக எடுக்கும் ஆட்களுக்கு ஆபத்தை மதிப்பிடப் பழக்குகிறோம் என்று கொட்டகலையில் ஒரு பயிற்சி வைத்தார்கள். நானும் நம் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராக்காரரும் இன்னும் சிலரும் போனோம். பிள்ளைகளே, அடுத்த வாரம் உங்கள் அம்மாவும் அதே தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மிஷினில் சேர இருந்தாள்.

வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும் மண்டபம் மறைந்து ஒரு தொழிற்சாலை வந்தது. அதற்குள் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறப் பொம்மைகள். முகம் கிடையாது, குரல் மட்டும்தான். ஆபத்து பெரிது என்றால் கை தூக்க வேண்டும்.

"எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தாத்தான் அடுத்த கதவு தொறக்கும்" என்றார் பயிற்சி கொடுத்த மிஸ்.

அரைக்கும் மிஷினின் பெல்ட்டுக்கு மூடி இல்லை. நம் தொழிற்சாலையிலும் அப்படித்தான். கழுவ வசதி என்று கழற்றியவர்கள் திரும்பப் போடவே இல்லை. எல்லோரும் கை தூக்கினோம். பக்கத்துக் காம்பராக்காரர்தான் முதலில்.

"முந்தானை மாட்டுனா ஆளையே இழுத்துரும்ப்பா!"

பின்னால் ஒரு பொம்மை இருமியது. "அதெல்லாம் பெரிய ஆபத்தில்ல. கவனமா வேலை செஞ்சா போதும்."

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரையின் குரல். அவரும் கண்ணாடி மாட்டி உள்ளே வந்தது எங்களுக்குத் தெரியாது. கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என் கை மட்டும் நின்றது.

"யாரு அது?"

"நான்தாங்க."

"ஒனக்கு மட்டும் கண்ணு பெருசா?" யாரோ சிரித்தார்கள்.

பக்கத்துக் காம்பராக்காரர் சீறினார்: "எறக்குப்பா கைய. பொம்ம மிஷினுக்காகத் தொரகிட்ட மொறைக்கிறியே, கிறுக்கா?"

"நீதானே முந்தானைன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்பச் சொல்லல."

கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குள் வேர்த்து வழிந்தது. இது பொம்மை மிஷின்தான். ஆனால் நிஜ பெல்ட்டுக்கு முன்னால் நிற்கப் போவது உங்கள் அம்மா. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நெச மிஷினுக்கு மூடியப் போடச் சொல்லுங்க தொர, எறக்குறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். பயிற்சி அதோடு நின்றது. யாருக்கும் சான்றிதழ் இல்லை. திரும்பும் வேனில், "பெரிய இன்ஸ்பெக்டர் வாராரு, தள்ளி ஒக்காருங்கடா" என்று ஏசிக்கொண்டே வந்தார்கள்.

உங்கள் அம்மாவும் விடவில்லை. "மழையில நனையாம கூரைக்குக் கீழ ஒரு வேலை. அதையும் கெடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"மூடி போடட்டும், பொறகு போ" என்றேன். மூடி போடவில்லை. அந்த வேலையைப் பக்கத்துக் காம்பராக்காரரின் மனைவிக்குக் கொடுத்தார்கள். மனசு கேட்காமல் அவர் வாசலுக்குப் போனேன்.

"மூடியப் பத்தி ரெண்டு பேரும் சேந்து போய்க் கேப்போம், வா."

"ஒனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, வயித்தெரிச்சல்தான். வர்றியா, இல்லியா?"

கதவை என் முகத்தில் அறைந்து சாத்தினார். அவர் மனைவி அதற்குள் வேலைக்கு இறங்கிப் போயிருந்தாள்.