துர்க்காவின் ஸ்கைலைனும் ராகுவின் மணிக்கூடும்

துர்க்கா நகரப் பேருந்துகள் திருத்தும் பட்டறையில் மெக்கானிக். முப்பத்தாறு வயது. வோபர்னில் அப்பாவோடு இருக்கும் வீட்டின் கராஜில், யப்பானிலிருந்து வந்த பழைய நிசான் ஸ்கைலைன் ஒன்றை வருடக்கணக்காகக் கழற்றிப் பூட்டினாள். எஞ்சினைப் பிரித்து அடுக்கினாள். எஞ்சினுக்கு வேகம் கூட்டப் பெரிய ரேர்போ பூட்டினாள். பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாம் அவள் கைவேலை. யப்பான் வண்டியென்பதால் ஸ்ரியரிங் மட்டும், இங்குள்ள கார்களைப்போல் இடப்பக்கம் வராமல், வலப்பக்கத்திலேயே இருந்தது.

இப்போது ஒஷாவாவில் சொந்தக் கராஜ் திறக்க இடம் பார்த்திருந்தாள். மாதக் கடைசிக்குள் கார் விற்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆனாலும், எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை எறியப் போகிறவனுக்கும், "உண்மையா ஆர் செய்தது?" என்று கேட்பவனுக்கும் விற்க மாட்டேன் என்று நின்றாள். முதல் வகை கொஞ்சம். இரண்டாம் வகை வந்துகொண்டே இருந்தது. கார்க் கூட்டங்களில் பொன்னெட்டைத் திறந்தால், பாராட்டெல்லாம் பக்கத்தில் நின்று பற்றிஸ் தின்னும் அவள் தம்பிக்கே போகும். ஸ்பானர் பிடிக்க மீசை வேண்டும் என்று எந்தப் பொறியியல் நூலில் எழுதியிருக்கிறது?

மார்ச் மாதத்து ஞாயிறொன்றில் ஸ்ரௌவ்வில்லிலிருந்து பத்மநாதனும் மனைவி ரதியும் கார் பார்க்க வந்தார்கள். பத்மநாதன் துர்க்காவைத் தாண்டி நேரே அவள் அப்பா இரத்தினவேலிடம் போனார்.

"அண்ணை, ரேர்போ எவ்வளவு அடிக்கும்?"

"எனக்கு லைசென்ஸே இல்லை, தம்பி. நான் பஸ்ஸில போற ஆள். பிள்ளையைக் கேளும்."

"பிள்ளை விளம்பரம் போட்டிருப்பா. வேலை செய்தது ஆர்?"

துர்க்கா கார்த் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டாள். அவளளவில் வியாபாரம் முறிந்துவிட்டது. பொன்னெட்டுக்குள் குனிந்திருந்த ரதி நிமிராமலே கேட்டார்:

"பிள்ளை, கிளச் பாரமே?"

"ஓம் அன்ரி. ட்ராஃபிக்கில கால் நோகும்."

"பரவாயில்லை. நான் கிளிநொச்சியில ஆஸ்பத்திரி வான் ஓடினனான். அந்தக் கிளச்சுக்கு ரெண்டு காலும் வேணும்."

திறப்பு மறுபடி வெளியே வந்தது. பெண்கள் இருவரும் பேசப் பேச, பத்மநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: மூன்றே முக்கால்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் முடிப்பம்." விலை பேசி, துர்க்காவுக்குக் கைகொடுத்தார். முற்பணம் அனுப்பக் கைபேசியை எடுத்தவரின் முகம் வெளுத்தது. அதில் மணி நாலே முக்கால் தாண்டியிருந்தது. கோடை நேரத்துக்காக முதல் நாள் இரவுதான் நகரமே மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அவர் கடிகாரத்தைத் தள்ள மறந்துவிட்டார்.

"ஐயோ, ராகுகாலத்துக்குள்ள கைகுடுத்திட்டன்! உது செல்லாது."

"அங்கிள், மணியைத் தள்ளினது அரசாங்கம். ராகுவுக்கும் கடிதம் போட்டவையளே?"

ரதி வாய்விட்டுச் சிரித்தார். "நேற்று இந்த வெயிலுக்கு மூண்டே முக்கால். இண்டைக்கு நாலே முக்கால். சூரியன் நிண்ட இடத்திலதான் நிக்குது, நீங்கள்தான் ஆடுறியள். பிள்ளை, திறப்பைத் தா, ஓடிப் பாப்பம்."

அரசாங்கம் உத்தரவு போட்டால் நகர்ந்து கொடுக்கிற கிரகத்துக்குப் பயந்து, எத்தனை பெண்களின் காரியங்களை நாம் தள்ளி வைத்திருக்கிறோம்!

பத்மநாதன் பழக்கத்தில் இடப்பக்கம் ஏறினார். முன்னால் ஸ்ரியரிங் இல்லை. பெல்ற்றை மாட்டினார். ரதி வலப்பக்கம், துர்க்கா பின்னால். மார்க்கம் வீதியில் கார் உறுமிப் பாய்ந்தபோது அவர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உது நிக்குமே?" காரைப் பற்றி அவர் துர்க்காவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பிரேக் நான் பூட்டினது, அங்கிள். நிக்கும்."

சிவப்பு விளக்கு விழுந்தது. ரதி அழுத்தினார். கோட்டுக்கு முன்னால், குலுங்காமல், நின்றது.

பக்கத்துக் காரிலிருந்த தமிழ்ப் பெடியன் கண்ணாடியை இறக்கினான். இடப்பக்கம் இருந்தவரைச் சாரதியென்று நினைத்துவிட்டான்.

"அங்கிள், கிரேஸி பில்ட்! நீங்களே செய்தது?"

பத்மநாதன் மூச்சு வாங்கினார். "நான் ஓடவும் இல்லை, செய்யவும் இல்லை. ஓடுறது என்ர மனிசி. செய்தது பின்னுக்கு இருக்கிற துர்க்கா. ஒஷாவாவில கராஜ் திறக்கிறா, போய்ப் பார்."

"விளம்பரம் செய்தது காணும்," என்றார் ரதி. "காசை அனுப்புங்கோ."

ராகுகாலம் முடிய இன்னும் நேரம் இருந்தது. பத்மநாதன் அனுப்பினார்.