ஒரு பக்கச் சிரிப்பு

தக்காளிப் பழ நிறத்தில் ஒரு சிறிய கார். அதன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அண்ணி என் வீட்டு வாசலில் நின்ற காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிய முதல் கார். அண்ணன் அன்றுவரை ஸ்கூட்டரை விட்டு இறங்காதவர். காரின் பின் இருக்கையில் சங்கடமாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணி பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். வகுப்பில் பேசிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் அவர் வாய் ஓயாது. அன்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார்: “ஊர்ல இருக்கிற கார் எல்லாத்தையும் எடுக்கிற. என் காரை எடுக்க மாட்டியா தம்பி? ஓடுற மாதிரி எடுக்கணும். நான்தான் ஓட்டுறேன்னு தெரியணும்.”

கார் விற்பவர்களுக்காக ஓடும் கார்களைப் படமெடுப்பது என் தொழில். விளம்பரத்தில் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். உண்மையில் அது நடக்கிற வேகத்தில்கூடப் போயிருக்காது. கண்ணாடிக் கடைக்காரர்கள் பெரிய கண்ணாடியைத் தூக்க ரப்பர் கிண்ணம் வைத்திருப்பார்களே, அதே மாதிரியான சக்ஷன் கப்புகளைக் காரின் மேல் ஒட்டி, அவற்றில் ஒரு நீளமான கம்பியைப் பூட்டி, கம்பியின் நுனியில் கேமராவை வைப்போம். இந்த அமைப்புக்கு ரிக் என்று பெயர். எஞ்சினை அணைத்துவிட்டுக் காரைப் பின்னாலிருந்து தள்ளுவோம். கேமராவின் ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்கும். காரோடு சேர்ந்து கேமராவும் நகர்வதால் கார் படத்தில் துல்லியமாக விழும். சாலையும் மரங்களும் சக்கரங்களும் கோடு கோடாக இழுபட்டுப் போகும். கம்பியைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். வழக்கமாக ஓட்டுபவரையும் தெரியாதபடி கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடுவேன். வாங்குகிறவர் தன்னை அங்கே வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? அண்ணிக்கு அது ஒப்பவில்லை. தன் முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றார். அதனால் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பை வெட்டும் வடிகட்டி ஒன்றை லென்ஸில் மாட்டினேன். வெறும் கண்ணுக்கு அந்தக் கண்ணாடியில் வானமும் மரக்கிளைகளும்தான் தெரிந்தன. கேமராவுக்கு மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணி தெரிந்தார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நேர்ச்சாலை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தணிகிற பொழுதில் அங்கே போனோம். அண்ணி பட்டுப்புடவையில் வந்திருந்தார். என்னோடு வேலை செய்யும் நண்பனும் நானும் காரைத் தள்ளினோம். ஷட்டரை இயக்கும் ரிமோட் என் கையில். முதல் தடவை அண்ணி உள்ளே பேசிக்கொண்டே இருந்ததால் முகம் கலங்கி விழுந்தது. ஷட்டர் திறந்திருக்கும்போது தலையையும் வாயையும் அசைக்கக் கூடாது, லேசாகச் சிரித்தபடி சாலையைப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். “இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு நான் இருந்ததே இல்லப்பா,” என்றார். அதன் பிறகு உண்மையிலேயே அமைதியாகிவிட்டார். தள்ளுவதும், முன்னால் போய்க் குனிந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்ப்பதும், திரும்பத் தள்ளுவதுமாகச் சில தடவை போனது. திரையில் நான் பார்த்ததெல்லாம் சக்கரத்தின் சுழற்சியையும் பானெட்டின் மேல் விழுந்த ஒளியையும்தான். படங்கள் அற்புதமாக வந்துகொண்டிருந்தன. “சூப்பர் அண்ணி, அப்படியே இருங்க,” என்று நிமிராமலே குரல் கொடுத்தேன். அவர் அப்படியே இருந்தார்.

அடுத்த முறை தள்ளியபோது கார் மெல்ல இடதுபக்கம் ஒதுங்கியது. அந்தப் பக்கம் கரை சரிந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்புங்கள் என்றேன். திரும்பவில்லை. தள்ளுவதை நிறுத்தினோம், சாலை கொஞ்சம் சரிவாக இருந்ததால் கார் தானாகவே உருண்டது. பிரேக், பிரேக் என்று இருவரும் கத்தினோம். வேண்டுமென்றே விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், அவர் அப்படிச் செய்யக்கூடியவர். நண்பன் ஓடிப்போய்த் திறந்திருந்த ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி உள்ளே நுழைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். ஓரத்துப் புற்களில் முன்சக்கரம் ஏறி நின்றது. நான் கதவைத் திறந்தேன். அண்ணி சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தின் இடதுபாதி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. வலது உதடு தொங்கி, எச்சில் பட்டுப்புடவையில் வழிந்திருந்தது. அண்ணி என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் போல என் மேல் சரிந்தார்.

ரிக்கைப் பிடுங்கிச் சாலையோரத்தில் போட்டுவிட்டு, அதே காரில் அவரைக் கிடத்திக்கொண்டு கிளம்பினோம். நண்பன் ஓட்டினான். காவிரிப் பாலத்தைத் தாண்டியது எப்படி என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. தில்லை நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றபோதுதான், ரிக்கிலிருந்து கழற்றிய கேமரா என் கழுத்தில் தொங்குவதையே கவனித்தேன். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த இளம் பெண் டாக்டர், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் பாதிப்பு தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் போட வேண்டும், நேரம் தெரியாமல் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிடலாம் என்றார். “கடைசியா அவங்க நல்லா இருந்ததைப் பார்த்தது யாருங்க?”

எங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. மாலை முழுக்க அவரோடு இருந்திருக்கிறோம். கடைசியாகத் தள்ளுவதற்கு முன்னால்கூடப் பேசினார் என்றான் நண்பன். அதற்கு வெகுமுன்பிருந்தே அவர் குரலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. போனில் சேதி கேட்ட அண்ணன் செருப்பில்லாமல் ஓடி வந்து நின்றார். சட்டென்று கேமராவை டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, அண்ணியின் முகத்தை மட்டும் பெரிதாக்கினார். பின்னால் மரங்கள் பச்சைக் கோடுகளாகப் பறந்துகொண்டிருந்தன. நடுவில் அந்த முகம் கல்லில் செதுக்கியதுபோலத் தெளிவாக இருந்தது. “இதுல ரெண்டு பக்கமும் சிரிக்கிறாங்க,” என்றார். அடுத்த படத்துக்குப் போனார். “இதுல ஒரு பக்கம்தான்.” நான் எட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன, ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றையும் நான் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று டாக்டர் கேட்டார். என் போனை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஊசி போட இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அண்ணன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஊசி போட்டார்கள்.

அண்ணி பிழைத்துக்கொண்டார். ஆனால் பேச்சு போயிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ஜன்னல் என்பார். தவறென்று அவருக்கே தெரிந்து அழுவார். தினமும் பயிற்சி, கோபம், மறுபடி பயிற்சி. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அடுத்த கல்வியாண்டில் பள்ளிக்கும் போனார். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. காரை அண்ணன் ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் இப்போதும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் ஓட்டுபவரின் பக்கம் போய், அவரை ஏதாவது பேச வைத்துக் கேட்டுவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன்.

அந்த மாலையைப் பற்றி நாங்கள் யாரும் அண்ணியிடம் பேசியதில்லை. அவருக்கு எதுவும் நினைவிருக்காது என்றே நம்பியிருந்தோம். சென்ற மாதம் மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மன்னார்புரம் சிக்னலில் கார் நின்றது. முன் இருக்கையிலிருந்த அண்ணி திரும்பாமலே பேசினார்.

“அன்னிக்கு நீங்க கத்துனது எல்லாம் கேட்டுச்சு தம்பி.”

நான் பின் இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தேன்.

“உன் குரல்தான்னு தெரிஞ்சுச்சு. பிரேக், பிரேக்னு கத்துற. எனக்கு அப்படின்னா என்னன்னே தெரியல. கால் எங்க இருக்குன்னும் தெரியல. எதிர்ல ஆறு வருது. அழகா இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் பக்கத்தில் படுத்தவருக்கும் இதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. அதன் பின்னால் ஆட்டோக்களும் சேர்ந்துகொண்டன. அண்ணன் அசையவில்லை.

“பச்சை விழுந்துடுச்சுங்க,” என்றார் அண்ணி. “போங்க.”