ராக்னா தலையில் யாருடைய தொப்பி

வெள்ளிக்கிழமை மத்தியானம் கைபேசி சிணுங்கினால் ஆஸ்விக் ஊர்ப் பெற்றோர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளி அலுவலகத்திலிருந்து ராக்னாவின் அறிவிப்பு வந்திருக்கும். இந்த வாரம் யார் வீட்டு மானம் கப்பலேறியிருக்கிறதோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்ப்பார்கள்.

"மழைக்காலம் வந்துவிட்டது" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். "நம் ஊரைவிட்டு அது எப்போது போனது என்று கேட்காதீர்கள். மழைக் கால்சட்டையில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். நீலக் கலர், முட்டியில் கொஞ்சம் கிழிந்திருக்கும் என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம். என்னிடம் இருப்பதெல்லாம் நீலம். எல்லாமே முட்டியில் கிழிந்தவை."

இன்னொரு வாரம்: "சீக்கிரம் இருட்டுகிறது. கோட்டில் ஒளிப்பட்டை ஒட்டி அனுப்புங்கள். கறுப்புக் கோட்டு அழகுதான், லாரிக்காரருக்கு அது தெரிய வேண்டுமே."

பிறந்தநாள் விதியை மட்டும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மறக்காமல் போடுவாள். "அழைத்தால் வகுப்பு முழுவதையும் அழையுங்கள். முடியாவிட்டால் பெண் பிள்ளைகள் எல்லோரையும், அல்லது ஆண் பிள்ளைகள் எல்லோரையும். ஒரே ஒரு பிள்ளையை விட்டுவிட்டு விருந்துக்கு வாப்பிள் அப்பம் சுடுகிறவர்களுக்கு அந்த வாப்பிள் தொண்டையில் சிக்கட்டும்."

ராக்னாவுக்கு அறுபது நெருங்குகிறது. ஆள் வாட்டசாட்டம். இளம்வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகத்தான் சேர்ந்தாள். கல்யாணம், சாவுச் செய்திகளை எழுதச் சொன்னார்கள். செத்துப்போன மீன் முதலாளி ஒருவரைப் பற்றி, "அன்னார் யாருக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்ததில்லை" என்று உள்ளதை எழுதினாள். அத்தோடு நிருபர் உத்தியோகம் முடிந்தது. பள்ளியில் போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது, வந்து உட்கார்ந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை. புருஷன் ஒட்வார் ஃபெரிப் படகில் டிக்கெட் கிழிக்கிறவன். ஒருநாள் அக்கரைக்குப் போனவன் அக்கரையிலேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். சுவரில் ஓட்டை போடும் இயந்திரம் கேட்டு இன்னும் வருவான். கொடுப்பாள், ஆனால் முனை மழுங்கிய ஊசியாகப் பார்த்துக் கொடுப்பாள்.

அவளுக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும் தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் வாசலருகே ஒரு நீள மேசையில் குவிந்து கிடக்கும். இலையுதிர்கால விடுமுறைக்குள் யாரும் எடுக்காவிட்டால் தர்மத்துக்குப் போய்விடும். மேசையை எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது? அதனால் ராக்னா காலையில் வாசலில் நிற்கும்போது அந்தக் குவியலிலிருந்து தினம் ஒரு தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொள்வாள். பன்னிக்காது வைத்தது, மினுமினுப்பது, கால்பந்துக் கழகத்துடையது, எதுவானாலும் சரி. "ஐயோ, அது என் தொப்பி!" என்று எந்தப் பிள்ளையாவது கத்தும். "அப்படியா? நான்ல இதுல அழகா இருக்கேன்?" என்று கழற்றிக் கொடுப்பாள். இந்த முறையில் தப்பு ஏதும் வரும் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

வந்தது. பேன் உருவத்தில் வந்தது.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் ஒரு சனி ஞாயிறு எல்லா வீட்டிலும் எல்லாத் தலைகளையும் சீப்புப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது இங்கே நாடு முழுக்க உள்ள வழக்கம், பேன் வாரம் என்று பெயர். அப்பாக்களுக்கும் உண்டு, வழுக்கைக்கு மட்டும் விலக்கு. அதோடு ராக்னா தன் சட்டம் ஒன்றையும் சேர்த்திருந்தாள். பேன் கண்டவர் அன்றைக்கே, சொந்தப் பெயர் போட்டு, வகுப்புக்கு எழுத வேண்டும். "பேன் அந்தஸ்து பார்த்து ஏறுவதில்லை. குளித்த தலையிலும் ஏறும், படகு வைத்திருப்பவர் தலையிலும் ஏறும்." இந்தச் சட்டத்தை ஊரே மெச்சியது. ஒருவர்கூட அதன்படி எழுதியதில்லை. "வகுப்பில் ஒரு குழந்தைக்குப் பேன் இருப்பதாகத் தெரிகிறது" என்று மொட்டையாக ஒரு வரி வரும். பிறகு அந்த ஒரு குழந்தை யார் என்று ஊகிக்கும் வேலை ஆரம்பமாகும். பேனைப் பெருமாளாக்குவதில் மூன்றாம் வகுப்புப் பெற்றோர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த வருஷம் மொட்டை வரியை எழுதியவள் பெற்றோர் மன்றத் தலைவி விபேக்கே. அவள் மகள் ஹெட்டா மூன்றாம் வகுப்பு. ஊகம் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் புதிது, மில்டா. லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள், அம்மா ராசா மீன் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை. புதிதாய் வந்தது அந்தப் பிள்ளை, பேனும் புதிதாய் வந்திருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கணக்கு முடித்தார்கள்.

மில்டாவை ராக்னா வேறொரு காரணத்துக்காகக் கவனித்திருந்தாள். அந்தப் பிள்ளையின் பொருள் எதுவும் மேசைக்கு வந்ததேயில்லை. தொப்பி, கையுறை, காலுறை வரை சிவப்பு நூலில் பெயர் தைத்திருந்தது. மணி அடித்ததும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் படி இறங்கும். ராக்னாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை என்றால் எதையாவது தொலைக்க வேண்டும். தொலைக்காத பிள்ளை விருந்தாளி போல இருக்கிறது.

அந்த வாரம் திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் சிந்த்ரே அவளைக் கூப்பிட்டனுப்பினார். சிந்த்ரே இதே பள்ளியில் படித்தவர். ஒரே குளிர்காலத்தில் நாலு ஜோடி கையுறை தொலைத்த பையன் என்பதற்குமேல் ராக்னா அவரை உயர்த்தியதில்லை.

"உங்க அறிவிப்பைப் பத்திப் புகார் வந்திருக்கு, ராக்னா."

"விபேக்கேதானே?"

"யாருன்னு நான் சொல்லக் கூடாது. தொனி சரியில்லைங்கறாங்க. வாப்பிள் தொண்டையில சிக்கட்டும்னு எழுதலாமா?"

"வேற எங்கப்பா சிக்கணும்?"

சிந்த்ரே நெற்றியைத் தடவிக்கொண்டார். "நகராட்சியில அச்சடிச்ச மாதிரி ஒரு வாசகம் வச்சிருக்காங்க. இன்னும் ஒரு புகார் வந்தா அதைத்தான் அனுப்பணும். அதுவரைக்கும் எதுவானாலும் என்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க."

வாரத்துக்கு ஒருதரம் அந்த ஊருக்கு உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் ராக்னாவின் வாழ்க்கையில் மிச்சமிருந்த நிருபர் உத்தியோகம். அதுவும் போய்விடக் கூடாதே என்று சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ராசா அலுவலகத்துக்கு வந்தாள். ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கோட்டிலிருந்து மீன் வாடை வந்தது. கைபேசியை நீட்டினாள்.

"இது எனக்குப் புரியல. வார்த்தை புரியுது. விஷயம் புரியல."

விபேக்கே எழுதியிருந்தாள். சனிக்கிழமை ஹெட்டாவின் பிறந்தநாள். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அழைப்பு உண்டுதான். ஆனாலும் இப்போதைய சூழ்நிலையில், எல்லோருடைய நலனையும் உத்தேசித்து, மில்டா இந்தத் தடவை வீட்டிலேயே இருந்தால் நல்லது. கடைசியில் ஒரு சின்ன இதயப் படம்.

"வரவேண்டாம்னு அர்த்தம்" என்றாள் ராக்னா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"நான் மூணு நாள் சீவினேன். வெள்ளைத் துணி விரிச்சு சீவினேன். ஒண்ணுகூட இல்ல." ராசா மூக்கை உறிஞ்சினாள். "பரிசு வாங்கிட்டா. தானே காகிதம் சுத்தி வச்சிருக்கா. நான் என்ன சொல்ல?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு வரைக்கும் பொறுங்க."

அவள் போனபின் ராக்னா கோபத்தில் தலையைச் சொறிந்தாள். சொறிந்துகொண்டே இருந்தாள். சொறிவது கோபத்தினால் மட்டுமல்ல என்று சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. செவிலியர் அறையிலிருந்து பேன் சீப்பை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களின் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். வெள்ளைத் தாளின்மேல் குனிந்து சீவினாள். கொழுத்த பேன் ஒன்று விழுந்து, அவசரமில்லாமல் நடந்தது.

ராக்னா உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் யோசித்தாள். பேன் வாரம் முடிந்ததிலிருந்து அவள் போட்ட தொப்பிகளில் முதலாவது, தங்கக் குஞ்சம் வைத்த ரோஜா நிறத் தொப்பி. அது ஹெட்டாவுடையது. "ஹெட்டாவின் தொப்பியிலிருந்துதான் எனக்கு ஏறியது" என்று ஒரே வரி எழுதினால் போதும், விபேக்கேயின் மூக்கு அறுந்துவிடும். கை துறுதுறுத்தது. ஆனால் அது உண்மைதானா என்பது பேனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இன்னொரு பிள்ளையின் தலைமேல் பழியைத் தூக்கிப் போட்டால் அவளுக்கும் விபேக்கேக்கும் என்ன வித்தியாசம்? தவிர, கண்டவர் அன்றைக்கே சொந்தப் பெயர் போட்டு எழுத வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவளே அவள்தான். சிந்த்ரேயிடம் காட்டினால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். காட்டவில்லை.

"பெற்றோர்களே, இன்று வியாழன்தான், தெரியும். பேன் கண்டவர் அன்றைக்கே எழுத வேண்டும். கண்டவள் ராக்னா. பேன் இருப்பது என் தலையில். பேன் வாரத்துக்குப் பிறகு நான் வாசலில் மாட்டிக்கொண்ட தொப்பிகள்: தங்கக் குஞ்சம் வைத்த ரோஜா நிறம், பன்னிக்காது, பச்சை வரி, கால்பந்துக் கழகம். இவற்றில் ஒன்று எனக்குக் கொடுத்திருக்கும், அல்லது நான் இவற்றுக்குக் கொடுத்திருப்பேன். யார் முதல் என்று பேனைத்தான் கேட்க வேண்டும். இந்தத் தொப்பிக்காரர்கள் இன்றே தலையைப் பாருங்கள். தொலையாத தொப்பியை நான் போட்டதில்லை. வேறு யாரையாவது கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கித் தங்கள் தலையில் வைத்துப் பார்க்கவும். பிறந்தநாள் விதி ஞாபகம் இருக்கட்டும். வாப்பிளும்."

அனுப்பியாயிற்று. சிந்த்ரே கைபேசியைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

"காட்டிட்டு அனுப்புங்கன்னேனே!"

"தலையைத்தான் காட்டணும். பாக்கறியா?"

அவர் கதவுவரை பின்வாங்கினார். "இனிமே நகராட்சி வாசகம்தான், ராக்னா. நான் ஒண்ணும் செய்ய முடியாது." சொல்லும்போதே அவர் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

மறுநாள் காலையில் விபேக்கே வந்தாள். நல்ல கோட்டு, நல்ல காலணி, முகம் மட்டும் தீய்ந்திருந்தது.

"ஹெட்டா தொப்பியை ஊரறிய எழுதிட்டீங்க."

"என் தலையைத்தான் ஊரறிய எழுதினேன். தொப்பி அதுமேல இருந்துச்சு."

"இது எவ்வளவு அசிங்கம் தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவள், பாதியில் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். ராக்னா பார்த்தாள். பார்த்ததை விபேக்கேயும் பார்த்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்தியவள் விபேக்கேதான்.

"ஞாயித்துக்கிழமையே பாத்தேன்" என்றாள், குரல் எழும்பாமல். "ஹெட்டா தலையில. மருந்து போட்டுட்டேன். மன்றத் தலைவி வீட்டுலன்னு எப்படி எழுதறது சொல்லுங்க?"

ராக்னாவுக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தூக்கிக் கடலில் எறிந்திருக்கலாம். "தெரிஞ்சே அந்தப் புள்ளை மேல பழி விழ விட்டீங்க."

"நான் யார் பேரையும் சொல்லலியே."

"சொல்லாம விட்டதுதான் நீங்க செஞ்சது. உக்காருங்க."

முந்தின ராத்திரியே ராக்னா தன் தலைக்கு மருந்து போட்டுவிட்டிருந்தாள். பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலியில் விபேக்கேயை உட்கார வைத்து, மடியில் வெள்ளைத் தாளை விரித்து, சீப்பை எடுத்தாள். முடியைப் பிடித்த பிடி மென்மையானது என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. விபேக்கே அழுதாள். பேனுக்காகவா, பிடிக்காகவா, வேறு எதற்காகவா என்று ராக்னா கேட்கவில்லை.

"இப்ப ராசாவுக்கு எழுதுங்க."

"அப்புறமா எழுதறேன்."

"முடி என் கையில இருக்கு. இப்பவே எழுதுங்க. இதயப் படம் வேண்டாம்."

குனிந்த தலையோடு விபேக்கே எழுதினாள். "பேன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் எழுதியது தப்பு. மன்னித்துவிடுங்கள். மில்டா நாளைக்குக் கட்டாயம் வர வேண்டும்." ராக்னா வாங்கிப் படித்துப் பார்த்தாள். அதே வரியை வகுப்புக்கும் எழுத வைத்தாள், பெயர் போட்டு. சட்டம் போட்ட நாளிலிருந்து அதன்படி எழுதிய முதல் பெற்றோர் விபேக்கே.

அன்று மத்தியானம் நகராட்சி வாசகம் போயிற்று. "மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு, இலையுதிர்காலத்தை முன்னிட்டுப் பொருத்தமான உடையணிவது குறித்து நினைவூட்ட விரும்புகிறோம்." யாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. யாரும் கடைசிவரை படிக்கவும் இல்லை. அடுத்தவன் எழுதியதன் கீழே தன் பள்ளியின் பெயரைப் பார்த்தபோது ராக்னாவுக்கு நெஞ்சு வலித்தது. அன்று சாயங்காலம் ஒட்வார் வழக்கம்போல இயந்திரம் கேட்டு வந்தபோது, மழுங்கிய ஊசி தேடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை மழை கொட்டியது. பாதிப் பிள்ளைகள் மழைக் கால்சட்டை இல்லாமல் வந்தன. ராக்னா வாசலில் நின்றாள். மேசைத் தொப்பி போட இனிமேல் சிந்த்ரேயின் தடை, முடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஹெட்டாவும் மில்டாவும் ஒரே குடைக்குள், எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். மில்டா தலையில் ஒன்றும் இல்லை. முன்முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏய், உன் தொப்பி எங்கடி?"

மில்டா தலையைத் தடவிப் பார்த்தாள். "தெரியல. ஹெட்டா வீட்டுல இருக்கும். இல்ல பஸ்ல." சொல்லிவிட்டு, தொப்பியைப் பற்றிய கவலையே இல்லாமல், குடையை விட்டு வெளியே குதித்து ஹெட்டாவைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

"தொலைச்சிட்டாளே, பாவி மக" என்று ராக்னா நனைந்த தலையோடு சத்தமாகச் சிரித்தாள்.